கட் சொல்லும் வரை பிணம்

அலறல்!

கீழச்சிவல்பட்டியின் அந்தப் பெரிய வீட்டில் தூண்களுக்கு மேலே உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாகப் பறந்தன.

அலறியவள் அக்ஷரா. படத்தின் கதாநாயகி.

முற்றத்தைச் சுற்றிய நடு வளவில் ஒரு பாடை. பாடையில் மாலைகளுக்கு அடியில் ஒரு பிணம். அதன் மார்பில் விழுந்து அவள் கதறி அழ வேண்டும். அதுதான் காட்சி. மத்தியானத்திலிருந்து டேக் மேல் டேக். கிளிசரின் தீர்ந்ததே தவிர, அழுகை வந்தபாடில்லை. இந்தப் பெண்ணுக்கு நடிப்பு வராது என்பது யூனிட்டுக்கு டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் தெரிந்த விஷயம்.

இப்போது அவள் அழவில்லை. துள்ளி எழுந்து தூணோடு ஒட்டிக்கொண்டாள்.

"சார்... இவரு மூச்சு விடலை."

டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பிணம் மூச்சு விடக் கூடாதும்மா. அதுக்குத்தானே அவரைப் படுக்க வச்சிருக்கேன்."

"நிஜமாவே விடலை சார்... உடம்பு சில்லுன்னு இருக்கு."



உதவி டைரக்டர் ஒருவன் தயங்கித் தயங்கிக் குனிந்து, பிணத்தின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த கை நடுங்கிய நடுக்கத்தில் எது யாருடைய நாடி என்று அவனுக்கே விளங்கவில்லை.

"இல்ல சார்... போயிட்டாரு சார்!"

போனவர் பெயர் மருது. மானகிரிக்காரர். கிணற்றில் விழுந்த மோட்டாரை முக்குளித்துக் கட்டித் தூக்கிக் கொடுப்பது தொழில். ஷூட்டிங் வந்த புதிதில் பந்தல் போட வந்தார். தண்ணீருக்குள் மூச்சடக்கிப் பழகியவர் என்று தெரிந்ததும் டைரக்டர் அவரைப் பிணமாக்கிவிட்டார்.

முதல் நாளே கறாராகச் சொன்னார்.

"நான் கட் சொல்ற வரைக்கும் செத்தவன் செத்தவன்தான். இமை அசைஞ்சாலும் சம்பளம் கிடையாது."

மருதுவின் இமை அசையவே இல்லை. சம்பளமும்தான்!

"யாரும் கத்தாதீங்க!"

ஓடி வந்தான் உதயகுமார். புரொடக்‌ஷன் மேனேஜர். சென்னையிலிருந்து வந்து இந்த ஊரில் நாலு வாரமாக எல்லோருக்கும் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருப்பவன்.

"சார், 108-க்கு போன் பண்ணிடவா?" என்றான் உதவி.

"பண்ணாதே. ஆம்புலன்ஸ் வந்தா பின்னாடியே போலீஸ் வரும். சாயங்காலம் நம்ம லாரி கிளம்பியாகணும்."

ஒரு மனிதன் செத்துக் கிடக்கிறான். இவனுக்கு லாரி!

சமையல் கொட்டகைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் இன்னும் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. ஈஸ்வரி. மருதுவின் மனைவி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பாடையைப் பார்த்தாள். உதயகுமாரைப் பார்த்தாள். அழவில்லை.

அதிர்ச்சியில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

காலையில்தான் அவள் இதே உதயகுமாரிடம் வாயைத் திறந்திருந்தாள்.

"சார், இன்னிக்கோட ஷூட்டிங் முடியுதாம்ல. எங்க சம்பளத்தைக் குடுத்துட்டுப் போங்க. மோட்டார் தூக்குற செயின் பிளாக்கை அடகு வச்சுத்தான் நாலு வாரமாச் சாப்பிடுறோம். அது இல்லாம இவுகளுக்குத் தொழிலே இல்ல சார்."

"நீ யாரும்மா?"

"சமையல்ல இருக்கேன் சார். தினம் நீங்க சாப்பிடுறதே..."

"எங்க ரிஜிஸ்டர்ல உன் பேரு இல்ல. ஆளுங்களை எடுத்தது ஏஜென்ட். அவரைப் போய்க் கேளு."

ஏஜென்ட்டின் போன் போன வாரமே அணைந்துவிட்டது.

காரைக்குடியில் இலவச சட்ட உதவி வக்கீல் விசாலியிடம் ஈஸ்வரி ஏற்கெனவே போயிருந்தாள். வக்கீல் நம்பிக்கையாகத்தான் பேசினாள். தொழிலாளர் துறையில் மனுப் போடலாம், செலவு கிடையாது, ஏஜென்ட் ஓடிப்போனாலும் கம்பெனிதான் பொறுப்பு என்றாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க அவங்ககிட்ட வேலை பாத்தீங்கன்னு காட்ட என்ன இருக்கு? போட்டோ, வீடியோ, இல்லைன்னா அந்த ஆள் வாயால ஒரு வார்த்தை?"

ஒன்றுமில்லை. படத்தின் கதை வெளியே கசிந்துவிடுமாம்... தினமும் வாசலிலேயே எல்லோருடைய செல்போனையும் வாங்கிக் கூடையில் போட்டுவிடுவார்கள்.

லாரி சென்னைக்குப் போய்விட்டால் அப்புறம் உதயகுமாரை எங்கே போய்த் தேடுவது?

வாசலில் செருப்புச் சத்தம்.

வீட்டுக்காரர் மீனாட்சிசுந்தரம். கையில் சாவிக் கொத்து. மறுநாள் வீட்டில் படைப்பு. முன்னோருக்குத் துணியும் சோறும் வைத்துப் பங்காளிகள் அத்தனை பேரும் கூடிக் கும்பிடுகிற நாள். அதற்குள் வீடு கைக்கு வந்தாக வேண்டும்.

பாடையைப் பார்த்ததும் சாவிக் கொத்து கீழே விழுந்தது.

"என்னங்க இது? கல்யாண சீன்னு சொல்லித்தானே வீட்டை வாடகைக்கு வாங்குனீக?"

உதயகுமார் பாடையை மறைத்துக்கொண்டு நின்றான்.

"கல்யாணம் முடிஞ்சிடுச்சு சார். இது... அதுக்கப்புறம்."

"படைப்புக்கு முதல் நாள் நடு வளவுல பாடையா? நடிப்பா இருந்தாலும் எந்த வீட்லங்க சம்மதிப்பாக?"

"நடிப்பு இல்ல சார்," என்று உளறினான் உதவி. "நிஜமாவே செத்துட்டாரு."

மீனாட்சிசுந்தரம் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மலேசியாவுல இருந்து பங்காளிக வந்து இறங்கிட்டாகளே... படைப்பு நின்னுச்சுன்னா என்னைய உயிரோட விடமாட்டாகளே." பிறகு நிமிர்ந்தார். "யாரு இது? உங்க ஆளா?"

உதயகுமாரின் மண்டைக்குள் கணக்கு ஓடியது. நம்ம ஆள் என்றால் சம்பள பாக்கி... நஷ்டஈடு... தயாரிப்பாளரிடம் திட்டு.

"இல்ல சார். யாரோ வேடிக்கை பாக்க வந்தவன்."

"வேடிக்கை பாக்க வந்தவன் மாலையைப் போட்டுக்கிட்டுப் பாடையில படுத்தானாக்கும்?"

மீனாட்சிசுந்தரம் மடியிலிருந்து போனை எடுத்தார்.

"சரி, அப்ப ஊர் பேரு தெரியாத ஆளு. சந்தேகச் சாவு. ஸ்டேஷனுக்குச் சொல்லிப்புடுறேன். வீட்டைப் பூட்டிச் சீல் வைக்கட்டும். உங்க கேமரா, லைட்டு எல்லாம் உள்ளயே கிடக்கட்டும். கொலையா இல்லையான்னு அவுக விசாரிச்சுச் சொல்லட்டும்."

கொலை!

உதயகுமார் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தான்.

"சார்... சார்... போனை வைங்க. நம்ம ஆளுதான்! பேரு மருது. நாலு வாரமா நம்மகிட்டத்தான் வேலை பாக்குறாரு."

"சித்த முன்ன யாரோன்னீக?"

"பதட்டத்துல சொல்லிட்டேன் சார். சத்தியமா நம்ம ஆளு. வேணும்னா இவங்களையே கேளுங்க. எல்லாரும் ஒண்ணாத்தான் வேலை பாத்தாங்க." சாட்சிக்கு ஆள் பிடிக்கிற அவசரத்தில் அவன் விரல் நீண்டது. "இதோ, பந்தல் பொன்னழகு. சமையல் புஷ்பவள்ளி. லைட் தூக்குற சேவுகப்பெருமாள். எல்லாரும் நம்ம ஆளுங்கதான் சார்!"

காலையில் யார் பெயரும் தெரியாதவனுக்கு இப்போது ஊரே தெரிந்தது.

ஈஸ்வரி முதல் முறையாகப் பேசினாள்.

"சம்பளம் குடுத்துட்டீகளா சார்? போலீஸ்ல அதையும் கேப்பாகல்ல."

"இன்னும் யாருக்கும் குடுக்கலைம்மா. குடுத்துடுறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டு அவளருகே வந்தான். "ஈஸ்வரி, உனக்குத் தனியா ஒரு தொகை தர்றேன். உடம்பைப் பின்வாசல் வழியா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு. வீட்ல வச்சுத்தான் உயிர் போச்சுன்னு சொல்லிடு."

பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. புஷ்பவள்ளி கரண்டியோடு ஓரடி முன்னால் வந்துவிட்டாள்.

ஈஸ்வரி அவளைக் கையால் தடுத்தாள். பிறகு டைரக்டரிடம் திரும்பினாள்.

"சார், நீங்க ஒரு வார்த்தை பாக்கி வச்சிருக்கீக."

"நானா? என்ன வார்த்தை?"

"கட்."

டைரக்டர் விழித்தார். உதடு தானாக அசைந்தது.

"க... கட்?"

பாடையில் மாலைகள் சரிந்தன.

பிணம் எழுந்து உட்கார்ந்தது! அதுவரை மாலைகளுக்கு அடியில் அரை மூச்சாகத் திருடிக்கொண்டிருந்தது, இப்போது நெஞ்சு நிறைய இழுத்து விட்டது. மூக்கிலிருந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்தது.

"முதுகு விட்டுப்போச்சு," என்றது.

உதவி டைரக்டர் மயங்கி விழுந்தான். உதயகுமார் விழவில்லை. பின்னால் சுவர் இருந்தது.

"நீ... நீ சாகலையா?"

"நான் எப்ப சார் செத்தேன்னு சொன்னேன்? கட் சொல்ற வரைக்கும் இமை அசையக் கூடாதுன்னு உத்தரவு. வேலையில இருந்தேன்."

"சீட்டிங்! இது சீட்டிங்! நான் சொன்னதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. எவன் நம்புவான்?"

கேமராவின் பின்னாலிருந்து கேமராமேன் முகேஷ் தொண்டையைக் கனைத்தான்.

"சார்... டைரக்டர் கட் சொல்லாம நான் எப்படி கேமராவை நிறுத்துறது?"

எல்லோரும் திரும்பினார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்ஷராவின் அழுகையைப் பதியப் பிணத்தின் மாலைக்குள் செருகியிருந்த மைக்கும் விழித்துக்கொண்டுதான் இருந்தது.

உதயகுமார் மெதுவாகத் தூணருகே பார்த்தான். அக்ஷரா கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்ததில் வந்த கண்ணீர்.

"நீயுமா?"

"எனக்கு ரெண்டு தவணை பாக்கி சார். நீங்க மறந்திருப்பீங்க." தன் செல்போனை எடுத்து ஈஸ்வரியிடம் நீட்டினாள். கதாநாயகியின் போனை யாரும் கூடையில் போடச் சொல்ல மாட்டார்கள். "அக்கா, உங்க வக்கீல் லைன்ல இருக்காங்க."

ஸ்பீக்கரில் விசாலியின் குரல் கேட்டது.

"ஈஸ்வரி, ஆதாரம் தேடுங்கன்னுதானே சொன்னேன்? பிணத்தையா எழுப்பச் சொன்னேன்?"

"தானா எந்திரிச்சுட்டாக மேடம்."

"சரி, மேனேஜர் சார் கேட்டுக்குங்க. இவங்க உங்க ஆளுங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே சம்பளம் குடுத்தாச்சுன்னு நிரூபிக்க வேண்டியது உங்க பாடு. மனுப் போட்டா பாக்கியோட போகாது, பத்து மடங்கு வரைக்கும் நஷ்டஈடு போட சட்டத்துல இடம் இருக்கு. மூணு வருஷம் வரைக்கும் எப்ப வேணும்னாலும் மனுப் போடலாம். அவசரமே இல்ல எங்களுக்கு."

அவசரம் உதயகுமாருக்குத்தான் இருந்தது. தயாரிப்பாளருக்கு போன் போட்டான். அரை மணி நேரம் கெஞ்சினான்.

பிறகு வாசலில் அந்தக் கூடை பேச ஆரம்பித்தது.

டிங்... டிங்... டிங்...

ஒவ்வொரு போனாகச் சம்பளம் வந்து விழுந்தது. பொன்னழகு ஓடினான். புஷ்பவள்ளி கரண்டியோடு ஓடினாள். ஈஸ்வரி தன் போனைப் பார்த்தாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. செயின் பிளாக்கை நாளைக்கே மீட்டுவிடலாம்.

மீனாட்சிசுந்தரம் சாவிக் கொத்தைப் பொறுக்கினார். வீட்டில் சாவு விழவில்லை. படைப்பு தப்பித்தது, அவரும்தான்.

"மேனேஜர், விடியறதுக்குள்ள வீடு பூராக் கழுவணும். இந்த ஆளுகளே கழுவட்டும். கூலி உங்க கணக்கு. கல்யாணம்னு பொய் சொன்னதுக்கு."

டைரக்டர் மட்டும் கேமராவின் திரையில் அக்ஷராவின் அலறலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"இந்த ஷாட் ஓகே."

உதயகுமார் வியர்வையைத் துடைத்தான்.

"எல்லாம் செட்டில் ஆயிடுச்சுல்ல? கிளம்பலாமா?"

மருது போனையே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியில் பிணத்துக்கு வைத்த காசு இன்னும் ஒட்டியிருந்தது.

"குறையுதே சார்."

"என்னய்யா குறையுது?"

"அஞ்சு மணியோட டூட்டி முடிஞ்சுபோச்சு. இவரு கட் சொன்னது ஆறு மணிக்கு. செத்துக் கிடந்தாலும் ஓவர்டைம்னா ரெட்டைச் சம்பளம்தான் சார்!"