டீச்சரம்மா டெல்லிக்குப் போன வருஷம்

1980-ஆம் வருஷத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மார்கழியில் கஸ்தூரிக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது காலை ஆட்டினாள். வீட்டுப்பாடம் எழுதும்போது பென்சிலைக் கடித்தாள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

எல்லாம் அம்மாவால்தான்.

அம்மா ரேணுகாம்பாள் திருவண்ணாமலையில் கஸ்தூரி படிக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிரசவ லீவு கேட்ட ஒரு டீச்சரை ஒருமுறை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அம்மா மற்ற டீச்சர்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்துவிட்டார். அந்த டீச்சருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அம்மா ஆசிரியர் சங்கத் தலைவியானார். பிறகு ஒரு பெரிய போராட்டத்தில் வேலூர் ஜெயிலுக்கும் போய்வந்தார். இப்போது வேலையை ராஜினாமா செய்துவிட்டு நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கிறார்.

ஜெயித்தால் டெல்லி.

அம்மா ஜெயிலில் இருந்தபோது அப்பா சகாதேவன்தான் கஸ்தூரிக்குச் சடை பின்னினார். அது தெருமுனை தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும். அவர் வைத்த ரசத்தைப் பூனைகூடத் தொடவில்லை. அதனால், அம்மா தோற்க வேண்டும் என்று கஸ்தூரி யாருக்கும் தெரியாமல் வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சுற்றினாள்.

ஒரு சனிக்கிழமை அம்மாவோடு அவளும் ஜீப்பில் அடி அண்ணாமலைக்குப் போனாள். அம்மா ஜீப்பின் மேல் நின்று மைக்கில் பேசினார். கோரிக்கை, தீர்மானம், மத்திய அரசு என்று பேச்சு நீண்டது. கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஒருவர் கொட்டாவி விட்டபடி புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்தார்.

கஸ்தூரி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் வேண்டிக்கொண்டது இதைத்தானே? ஆனால் அம்மாவின் தொண்டை கம்மிப்போயிருந்தது. ஆட்கள் போகப் போக அவர் இன்னும் சத்தமாகப் பேசினார். கஸ்தூரியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து அம்மாவின் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, கிளாஸ்ல நீ இப்படிப் பேச மாட்டியே."

"பின்ன எப்படிப் பேசுவேன்?"

"எங்களக் கேப்ப. நாங்க சொன்னப்புறம்தான் போர்டுல எழுதுவ. இங்க நீயே பேசிக்கிட்டு இருக்க."

அம்மா அவளையே பார்த்தார். பிறகு மைக்கை வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்று கட்சிக்காரர் ராஜேந்திரன் முணுமுணுத்தார். அம்மா காதில் வாங்கவில்லை. புல்லுக்கட்டு வைத்திருந்தவரிடம் போய்ப் பெயரைக் கேட்டார். கன்னியம்மாள் என்றார் அவர். இந்த ஊரில் எது சரியில்லை என்று அம்மா கேட்டார்.

கன்னியம்மாள் கட்டைக் கீழே இறக்கினார்.

"என் பொண்ணு அஞ்சாவது படிக்குது. அதுக்கு மேல டவுனுக்குத்தான் போகணும். வழியில ஆள் நடமாட்டமே கெடையாது. கார்த்திகை தீபத்துக்கு எத்தன பஸ் வருது, டீச்சரம்மா! எங்க புள்ளைங்களுக்கு ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது."

போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அம்மா நடுவில் உட்கார்ந்து கேட்டார். அன்று போக இருந்த மற்ற ஊர்களுக்குப் போகவே முடியவில்லை. அதன் பிறகு எல்லா ஊரிலும் அம்மா ஜீப்பை விட்டு இறங்கித்தான் பேசினார்.

அம்மா கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். தெருவெல்லாம் பட்டாசு. கஸ்தூரி மட்டும் சமையலறையில் ஒளிந்துகொண்டாள். அம்மா தேடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ போகணும்மா. ஆனா போகாமயும் இருக்கணும்" என்றாள் கஸ்தூரி.

"எனக்கும் அப்படித்தாண்டி இருக்கு" என்றார் அம்மா.

டெல்லிக்கு ரயில் ஏறும் முன்னும், பிறகு ஊருக்கு வந்த ஒவ்வொரு தடவையும், அம்மா பஸ் ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று அடி அண்ணாமலையில் பஸ் நின்றது.

கஸ்தூரியின் ஆறாம் வகுப்பில் புதுப் பெண் ஒருத்தி வாசலில் தயங்கி நின்றாள். கன்னியம்மாளின் மகள் சரோஜா.

"டீச்சரம்மா பொண்ணு நீதானே? உங்கம்மா எங்க?" என்று கேட்டாள்.

"டெல்லியில இருக்காங்க. லீவு விட்டா வருவாங்க" என்றாள் கஸ்தூரி. பிறகு நகர்ந்து உட்கார்ந்து, பெஞ்சில் அவளுக்கு இடம் கொடுத்தாள்.