இஞ்சினுக்குப் பூக்கட்டிப் பார்த்தார்கள்

லாசரின் ஷெட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால், புளியமரத்தை ஒட்டித் தகரம் போட்ட இடம் அது. வாசலில் இரண்டு ஜீப்புகளும் டயர் கழற்றிய ஒரு வேனும் நின்றன. பேய்க்கதை நடக்கிற இடம் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். பேய்களுக்கும் காலம் மாறிவிட்டது போல. பாழடைந்த பங்களாதான் வேண்டும் என்று இப்போது அவை அடம்பிடிப்பதில்லை.

சிவக்குமார் காரை நிறுத்தி அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டான். வசந்தாமணி சோறு போட்ட தூக்குப்போசியோடு இறங்கினாள். மகனையும் பார்க்கவில்லை, மெக்கானிக் லாசரையும் பார்க்கவில்லை. நேரே ஷெட்டின் பின்மூலைக்கு நடந்து, அங்கே நின்ற பழைய அம்பாசிடரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அது அவளுடைய இளைய மகன் சபரிநாதனின் வண்டி. ஆத்தூரில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லாசரோடு சேர்ந்து வேலை பார்த்தான். வேலியில் போற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் என்று சிவக்குமார் தம்பியைக் கேலி செய்வான். பெயிண்ட், சீட், ஒயரிங் எல்லாம் ஒருவழியாக முடிந்தன. இஞ்சின் மட்டும் வசப்படவில்லை. நாலு சிலிண்டரில் ஒன்று சண்டித்தனம் செய்தது. தட், தட், தட் என்று மூன்று அடித்து நாலாவதை விட்டுவிடும். அவர்கள் ஊரான எருமப்பட்டியின் முக்கில் அந்த நொண்டிச் சத்தம் கேட்டதுமே வசந்தாமணி தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவாள். வண்டி வாசலில் நிற்பதற்குள் முதல் தோசை வெந்திருக்கும்.

தை மாதத்தில் ஒருநாள், மலையேறிச் சோதித்துவிட்டு இறங்கும்போது சபரிக்கு நெஞ்சு நின்றுபோனது. வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டியிருந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள் பிடித்தபடி இருந்தன. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. எருமப்பட்டியிலிருந்து அம்மா வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். கடைசி விரல் விலகியதும் சத்தம் தானாக அடங்கியது. அன்றோடு இஞ்சின் ஜாம் ஆனது. கம்பி போட்டு நெம்பினாலும் அசையவில்லை.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை வந்தால் அவளை இங்கே கூட்டிவர வேண்டும். அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்துதான் நாலு வாய் உண்பாள். மற்ற நாட்களில் தட்டு வைத்தது வைத்தபடி இருக்கும். ரவிக்கைகள் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்துவிட்டன. சிவக்குமாருக்கு அந்த வண்டி ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன. தம்பி போய்விட்டான். அம்மாவும் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தாள். அவளை அந்தப் பின்சீட்டிலிருந்து மீட்டுவிட வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“ரெண்டு வழிதான் தம்பி,” என்றார் லாசர், கையைத் துணியில் துடைத்தபடி. “இதையே பிரிச்சு, சிலிண்டரக் கடைஞ்சு போர் பண்ணி, பிஸ்டன் மாத்தி நிமித்தலாம். இல்லன்னா இதத் தூக்கிப் போட்டுட்டு வேற இஞ்சின் வெச்சிரலாம். எங்கிட்ட ஒண்ணு ஓடுற கண்டிசன்ல இருக்குது.”

“எது நல்லதுங்கண்ணா?”

லாசர் மூலையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“மாத்திருங்க.”

“ஏனுங்க?”

“பேனட்டு மேல கைய வெச்சுப் பாருங்க.”

அந்த மூலைக்கு வெயில் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. தகரத்தின் நிழலும் புளியமரத்தின் நிழலும் சேர்ந்து அங்கே எப்போதும் ஒரு ஈர இருட்டு. பழைய ஆயிலும் துருவும் கலந்த வாசனை. சிவக்குமார் உள்ளங்கையைப் பேனட்டில் வைத்தான்.

சுட்டது.

வெடுக்கென்று கையை எடுத்தான். பின்சீட்டில் அம்மா போசியைத் திறந்து வைத்துக்கொண்டு, முன்சீட்டைப் பார்த்து ஏதோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். பேசிவிட்டு நிறுத்தினாள், பதில் கேட்கிறவள் மாதிரி.

தட். தட். தட்.

ஓர் இடைவெளி.

தட். தட். தட்.

“பேட்டரிய அப்பவே கழட்டிட்டேன்,” என்றார் லாசர். கழுத்திலிருந்த சிலுவையை விரல்கள் தேடிப் பிடித்திருந்தன. “டேங்குல சொட்டு டீசல் கெடையாது. அம்மா வர்ற அன்னிக்கு மட்டுந்தான் இப்பிடி.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். கண்ணுக்குச் சரி. சிவக்குமாரின் உள்ளங்கை அல்லவா சிவந்திருந்தது.

திரும்பிப் போகும்போது அவன் மெதுவாகப் பேச்செடுத்தான். “அம்மா, இஞ்சின மாத்திப்போட்டு வண்டிய ஊட்டுக்கே ஓட்டியாந்தரலாங்க. நீங்க இத்தன தூரம் அலையவேண்டாமுங்க.”

வசந்தாமணி வெளியே ஓடுகிற மரவள்ளிக் காடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாத்துனா அவன் எங்க சாமி போவான்?”

சிவக்குமார் கியரை மாற்றினான்.

“கருப்பனார்கிட்டப் பூக்கட்டிப் பாத்துரலாம்,” என்றாள். “அவரு சொன்னாச் சரி.”

அந்தப் பக்கத்தில் பெண் கொடுப்பதானாலும் சரி, காட்டில் போர்வெல் போடுவதானாலும் சரி, பூக்கட்டிப் பார்க்காமல் பெரியவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் வெளியே தெரியாமல் இலையில் பொதிந்து, ஒரே மாதிரி நார் சுற்றிச் சாமி முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று எடுத்துக் கொடுப்பதுதான் வாக்கு. வெள்ளை வந்தால் பழைய இஞ்சினையே பிரித்து வேலை பார்ப்பது, சிவப்பு வந்தால் மாற்றுவது என்று பேச்சு. இஞ்சினுக்கெல்லாம் பூவா என்று பூசாரி கேட்கவில்லை. லாரி வாங்குகிறவர்கள் எத்தனையோ பேருக்கு அவர் பூப் போட்டிருக்கிறார்.

“நானே கட்டியாறேனுங்க,” என்று சிவக்குமார் பூவை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனான்.

வேலியோரச் செடியில் இன்னொரு சிவப்பு அரளியைப் பறித்து, இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துக் கட்டினான். வெள்ளை அரளியை வேலிக்கு அப்பால் வீசினான். சாமியை ஏமாற்றுகிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அம்மாவைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் தோன்றியது. பெற்றவளைக் காப்பாற்றச் செய்த திருட்டைக் கருப்பனார் கண்டுகொள்ள மாட்டார் என்று கணக்குப் போட்டான்.

பொட்டலங்கள் அவன் கையிலிருந்து தட்டுக்குப் போயின. தட்டிலிருந்து அவன் கண் விலகவில்லை. அவனுடைய மகள் கிருத்திகா, இன்னும் பள்ளிக்கூடம் போகாதவள், குனிந்து ஒன்றை எடுத்துப் பூசாரியிடம் நீட்டினாள். பூசாரி நாரை அவிழ்த்தார்.

வெள்ளை.

அப்போதுதான் பறித்தது போல ஈரமாக இருந்தது. திருநீற்று வாசனைக்கும் கற்பூர வாசனைக்கும் நடுவில் லேசாக டீசல் வாடை அடித்தது.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆனது சிவக்குமாருக்கு. கத்த முடியவில்லை. இரண்டும் சிவப்புதானே என்று யாரிடம் சொல்வது? சொன்னால் சாமியிடமே பித்தலாட்டம் செய்தவன் என்று ஊர் காறித் துப்பும். மனைவி ரஞ்சனி “ஏனுங்க, இப்பிடி வேர்க்குது உங்களுக்கு?” என்று கேட்டாள். வெயில் என்றான்.

வசந்தாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தட்டில் கிடந்த மற்ற பொட்டலத்தைப் பிரிக்காமல் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். 

பயந்தவன் அதோடு விட்டிருக்க வேண்டும். அவன் விடவில்லை. பயந்ததாலேயே விடவில்லை என்றும் சொல்லலாம். வெள்ளைப் பூ வந்த விதத்தைப் பார்த்தபின் அந்த இஞ்சின் இனி ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்று முடிவுசெய்தான். அம்மாவிடம் பழையதையே பிரித்து வேலை பார்ப்பதாகச் சொன்னான். லாசரிடம் மாற்றிவிடச் சொன்னான்.

ஒரு நடுப்பகலில் இஞ்சினை இறக்கினார்கள். போல்ட்டுகளைக் கழற்றி, செயின் பிளாக்கில் மாட்டி லாசர் இழுத்தார். இரும்பு மெல்ல மேலே எழுந்து வெளியே வந்தது. குழாய் இல்லை, ஒயர் இல்லை, எதனோடும் அதற்குத் தொடர்பு இல்லை. சங்கிலியில் வெறுமனே தொங்கியது.

ஆனால் அம்மா வராத அந்த நாளிலும் சங்கிலி அதிர்ந்தது.

தட். தட். தட்.

லாசரின் உதடுகள் ஜெபத்தில் அசைந்தன.  இஞ்சினைக் கீழே நின்ற மினி லாரியில் இறக்கினார்கள். இரும்பு பலகையைத் தொட்டது.

நின்றுவிட்டது.

இவ்வளவு அமைதியை அந்த ஷெட்டில் அவர்கள் கேட்டதில்லை. மலைப்பாதையில் ஏறும் வண்டிகளின் சத்தம்கூட எங்கோ தள்ளிப் போயிருந்தது. லாசர் பேனட்டுக்குள் எட்டிப் பார்த்து, “போயிருச்சு தம்பி,” என்று கிசுகிசுத்தார்.

சிவக்குமாரின் போன் அடித்தது. ரஞ்சனி.

“ஏனுங்க, அத்தை எந்திரிச்சு அவிங்களே அடுப்பப் பத்த வெச்சுத் தோச சுடறாங்க. ஆருக்குங்கத்தைன்னு கேட்டா, வந்துட்டான்கிறாங்க.”

மாலையில் அவன் வீடு திரும்பியபோது அம்மா நாலு தோசை சாப்பிட்டிருந்தாள். அடுத்த நாளும் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை வந்தது, ஷெட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கவில்லை. சிவக்குமாருக்கு உயிர் திரும்பி வந்தது. திருட்டுத்தனமாகச் செய்தாலும் நல்லதுதான் செய்திருக்கிறோம் என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான். புது இஞ்சின் மாட்டிய அம்பாசிடரை ஒரு சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டி வந்தான். எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. எருமப்பட்டி முக்குத் திரும்பினான். வாசலுக்கும் வந்துவிட்டான். அம்மா வெளியே வந்து பார்த்தாள்.

“ஆரு வண்டி கண்ணு இது?”

அவன் சிரித்து மழுப்பினான். அவள் சிரிக்கவில்லை. முன்சீட்டைக்கூட எட்டிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கைகால் கழுவிக்கொண்டு வந்தான். வசந்தாமணி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கிருத்திகா அவள் மார்பில் காதை வைத்துச் சாய்ந்திருந்தாள். அப்பனைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

“சத்தம் போடாதீங்கப்பா. அப்பத்தாளுக்குள்ள சித்தப்பா வண்டி ஓடுது.”

குழந்தையைத் தூக்கி ரஞ்சனியிடம் கொடுத்துவிட்டு வந்தான். அம்மா கண்ணை மூடியிருந்தாள். குனிந்தான். மஞ்சளும் வியர்வையும் கலந்த அம்மாவின் வாசனை இருக்க வேண்டிய இடத்தில் டீசல் வாசனை இருந்தது. நெஞ்சில் கை வைத்தான்.

பேனட்டைப் போலவே சுட்டது.

தட். தட். தட்.

ஓர் இடைவெளி.

அந்த இடைவெளி முடியும்வரை அவனும் மூச்சு விடவில்லை. மாத்துனா அவன் எங்க சாமி போவான் என்று அன்றைக்கு அவள் கேட்டாளே. கேட்டவள் தன் நெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறாள். அந்தத் திறந்த கதவு சிவக்குமாருக்குத்தான் தெரியாமல் போனது. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரிய ஆண்பிள்ளை வாய்விட்டு அழுதான்.

சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைத் திரையில் காட்டிப் பொறுமையாகச் சொன்னார்.

“நாலு வால்வுல ஒண்ணு சரியா மூட மாட்டேங்குது. இருக்கிறதையே சரிபண்ணிப் பாக்கலாம். இல்லன்னா எடுத்துட்டு வேற வால்வு வைக்கலாம். ரெண்டுலயும் ஆபத்து இருக்குங்க. அதிக நாள் தள்ள முடியாது. எதுன்னு நீங்கதான் பேசி முடிவு பண்ணணும்.”

சிவக்குமார் அம்மாவைப் பார்த்தான்.  மாற்றினால் தம்பி எங்கே போவான் என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை. கேட்க அவசியமும் இல்லை. அந்த வீட்டில் அதே ரத்தத்தில் இன்னும் இரண்டு நெஞ்சுகள் இருந்தன, சிவக்குமாருடையதும் அவன் மகளுடையதும். அம்மாவோடு தம்பியை விட்டுவைத்தால் அம்மா போவாள்.

டாக்டரம்மா வெளியே போனார். அறையில் தாயும் மகனும் மட்டும் இருந்தார்கள். மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“எதுக்குச் சாமி யோசிக்கற?” என்றாள் வசந்தாமணி. குரலில் கோபம் இல்லை. “பூக்கட்டிப் பாத்துரலாம்.”

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கோயிலிலிருந்து அவள் எடுத்து வந்தது ஒரே ஒரு பொட்டலம். எத்தனையோ நாள் ஆகியும் அதன் இலை வாடவில்லை.

முடிச்சுக்குள் இப்போது இரண்டு இருந்தன.

அதே இலை, அதே நார், அதே மாதிரிச் சுற்று. அவள் அவனுடைய கையை இழுத்து, இரண்டையும் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

“இந்தத் தடவ நீ கட்டோணுங்கிறதில்ல சாமி. உன்ற தம்பியே கட்டிட்டான்.”

சிவக்குமார் கையை உதறப் பார்த்தான். விரல்கள் விரியவில்லை. மூடிய கைக்குள் சூடு ஏறிக்கொண்டே வந்தது.

பிறகு அது துடிக்கத் தொடங்கியது. மூன்று முறை துடித்து, நாலாவதை விட்டுவிட்டது.