இரண்டு கதவு, ஒரு பிணம்

வாண்டா முதலில் பார்த்தது பூட்ஸைத்தான்.

பனியை வாரிக் குவித்திருந்த மேட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு ரப்பர் பூட்ஸ் நீட்டிக்கொண்டிருந்தன. யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

கிட்டே போனாள்.

பூட்ஸுக்குள் கால் இருந்தது!

ராய்ஸ்! புகைக்கூடத்து ராய்ஸ்! குப்புறக் கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. தலையோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆரஞ்சு வலைத் தொப்பி ரத்தத்தில் ஊறிக் கறுத்திருந்தது. பக்கத்திலேயே பனி வாரும் மண்வெட்டி.

சாசேஜ் ஆலையில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு ரத்தம் புதிதில்லை. மனுஷ ரத்தம்தான் புதிது. ஆளைக் கூப்பிடத் திரும்பி ஓடினாள்.

மிசௌரியில் அந்தச் சின்ன ஊருக்குச் சோறு போடுவது டீட்ஸ் சாசேஜ் ஆலை. முன்பக்கம் கறி அரைத்துக் குடலில் அடைப்பார்கள். பின்பக்கம் புகைக்கூடத்தில் புகை போட்டுப் பொட்டலம் கட்டுவார்கள். ஒரே கூரை. ஆனால் நடுவில் ஒரு பலகைச் சுவர்.

அந்தச் சுவரைக் கட்டியது தச்சன் இல்லை. சட்டம்!

ஐம்பது பேர் முழுநேரமாக வேலை செய்தால் அத்தனை பேருக்கும் முதலாளி மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று வாஷிங்டனில் சட்டம் போட்டார்கள். வாரத்தில் முப்பது மணி நேரத்தைத் தொட்டால் முழுநேரம். முதலாளி வெர்னன் டீட்ஸிடம் எழுபது பேர். கணக்குப் பார்க்கிறவர் ஒரு யோசனை சொன்னார். நடுவில் சுவர் எழும்பியது. பின்பக்கம் வெர்னனின் மச்சினன் பேரில் தனிக் கம்பெனி ஆயிற்று. பாதிப் பேருக்கு இங்கே கொஞ்ச நேரம், அங்கே கொஞ்ச நேரம். இரண்டிலும் முப்பது மணியைத் தொடாத அரைகுறை ஆள்.

முன்பக்கம் வேலை முடிந்தால் நீல வலைத் தொப்பியைக் கழற்றிக் குப்பையில் போட வேண்டும். வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, பின்கதவு வழியாகப் போய், உள்ளே இருக்கும் பெட்டியிலிருந்து ஆரஞ்சுத் தொப்பியை எடுத்துப் போட வேண்டும். வெளியே வரும்போது அதையும் உள்ளேயே கழற்றிப் போட்டுவிட வேண்டும். சுவரில் ஒரு கதவு வைத்தால் பத்து அடி. வைக்கக் கூடாதாம். வைத்தால் ஒரே கம்பெனி ஆகிவிடுமாம்.

மழையோ, பனியோ, எல்லாரும் சுற்றினார்கள். அப்படிச் சுற்றும்போதுதான் வாண்டா பிணத்தைப் பார்த்தாள்.

ஷெரிஃப் டாபின்ஸ் வந்தார். ஊரில் யார் செத்தாலும் காரணம் எழுதித் தரும் அதிகாரியும் வந்தார். சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவர்தான் அந்த ஊரில் அந்தப் பதவிக்கும். தலையைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார், யாரோ அடித்திருக்கிறார்கள் என்று உதட்டைப் பிதுக்கினார்.

எல்லாரையும் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்து ஷெரிஃப் விசாரித்தார். ராய்ஸோடு யாருக்குப் பகை?

 எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது.

லைல்!

வாண்டாவின் தம்பி. முன்தினம் இதே அறையில் ராய்ஸின் சட்டையைப் பிடித்தவன். பழைய முழுநேரக்காரர்களுக்கு மட்டும் வெர்னன் இன்னும் காப்பீடு கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஓர் இடம் காலியானது. ராய்ஸுக்குப் போனது. லைலுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருந்தது. சொந்தமாக வாங்கிய காப்பீட்டுக்கு இரண்டு மாதம் கட்ட முடியாமல் அதுவும் ரத்தாகிவிட்டது. மறுபடி சேர நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். வால்வு நவம்பர் வரை காத்திருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

லைல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"நான்தான் அடிச்சேன், ஷெரிஃப்."

வாண்டா பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"டேய்... என்னடா உளர்ற?"

"அக்கா, நீ சும்மா இரு."

ஷெரிஃப் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எதால அடிச்ச?"

"மண்வெட்டியால."

விலங்கு மாட்டினார்கள். கார் வரை நடப்பதற்குள் லைல் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினான்.

மூன்றாம் நாள் வாண்டா சிறைக்குப் போனாள். இடையில் கண்ணாடி. கையில் டெலிபோன்.

அழுதுகொண்டிருப்பான் என்று நினைத்துப் போனவளுக்கு ஆச்சரியம். முகத்தில் தெளிவு. வறுத்த கோழி போட்டார்கள் என்றான். மணிக்கட்டில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டான். விலங்கு உரசின காயம் என்று நினைத்துக்கொண்டாள்.

"வக்கீல் வெச்சிருக்கேன்டா. காரை வித்துடறேன்."

"வக்கீல் வேண்டாம். காரை விக்காதே."

"ஏன்டா இப்படிப் பண்ற? ஒரு பெட்டி சாசேஜைத் தூக்கினா பேயடிச்ச மாதிரி நிப்பே. நீ ராய்ஸை அடிச்சியா? அவன் ஊதினா நீ பறப்பேடா."

"கோவத்துல பலம் வரும்க்கா."

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு."

பார்க்கவில்லை. டெலிபோனை மாட்டிவிட்டு எழுந்து போனான்.

யாரையோ காப்பாற்றுகிறான்... யாரை? வாண்டா மண்டையை உடைத்துக்கொண்டாள். ஷெரிஃபிடம் போய்க் கெஞ்சினாள். அவனே ஒப்புக்கொள்கிறான், நான் என்ன செய்ய என்று கையை விரித்தார் அவர். வெர்னனிடம் போனாள். அவர் அவள் முகத்தையே பார்க்கவில்லை. உன் தம்பியின் வேலையை அப்படியே வைத்திருக்கிறேன் என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனாள். முன்பக்கம் முடிந்தது. நீலத் தொப்பியைக் குப்பையில் போட்டாள். வெளியே வந்தாள். ஐஸ் மழை கொட்டியது. வெறும் தலையில் ஊசி ஊசியாய் இறங்கியது. வலைத் தொப்பியாவது இருந்திருக்கலாம் என்று தலையைத் தடவினாள்...

கை தலையிலேயே நின்றது.

வெளியே யாரும் வலைத் தொப்பி போட மாட்டார்களே!

நீலத்தை உள்ளேயே கழற்றிவிட வேண்டும். ஆரஞ்சைப் போடுவதும் கழற்றுவதும் பின்கதவுக்கு உள்ளே. அப்படியானால்... ராய்ஸ் தலையில் ஆரஞ்சு எப்படி வந்தது?

பின்கதவுக்குள் போகவில்லை அவள். நேரே ஷெரிஃபிடம் ஓடினாள்.

டாபின்ஸ் காலை மேஜையிலிருந்து எடுத்தார்.

"ஒரு தொப்பியை வெச்சு..."

"அவன் உள்ளே போயிட்டான், ஷெரிஃப். உள்ளேதான் செத்திருக்கான். யாரோ வெளியே இழுத்துப் போட்டிருக்காங்க. லைலுக்கு அன்னிக்கு முன்பக்கம்தான் வேலை, பின்கதவுக்குள்ளே அவன் காலே வெக்கலை. அதோட ராய்ஸை இழுக்கிற தெம்பு அவனுக்கு ஏது?"

"யாருக்கு இருக்கு?"

தன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசியவர் வாண்டாவுக்கு ஞாபகம் வந்தார். இரண்டு பக்கமும் தொப்பி மாற்றாமல் நடமாடக்கூடிய ஆள் அந்த ஆலையில் ஒருவர்தான்.

வெர்னன் டீட்ஸ் புகைக்கூடத்தில் நின்றிருந்தார். அறுபது தாண்டியும் காளை மாதிரி உடம்பு. ஷெரிஃபையும் வாண்டாவையும் பார்த்ததும் பக்கத்திலிருந்த தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். யாரும் அதட்டவில்லை. கேள்வி முடிவதற்குள் உடைந்துவிட்டார்.

"தரையெல்லாம் கொழுப்பு, ஷெரிஃப். வடிகால் அடைச்சிருந்துது. வழுக்கி விழுந்தான். இந்தத் தொட்டி விளிம்புலதான் மண்டை இடிச்சுது. நான் மட்டும்தான் இருந்தேன். நெஞ்சுல காதை வெச்சுப் பார்த்தேன்... அடங்கிடுச்சு."

"அப்புறம் ஏன் வெளியே இழுத்தீங்க?"

வெர்னன் பலகைச் சுவரைக் காட்டினார்.

"உள்ளே செத்தா அரசாங்கத்து ஆளுங்க வருவாங்க. இதைப் பார்ப்பாங்க. எழுபது பேரும் ஒரே கம்பெனிதானேன்னு கேப்பாங்க. அபராதத்துலயே ஆலை போயிடும். வெளியேன்னா பனில வழுக்கினான்னு முடிஞ்சிடும். மண்வெட்டி அங்கே கிடந்ததைக்கூட நான் பார்க்கலை."

"லைல் ஜெயிலுக்குப் போனப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே?"

"திறக்கணும்னுதான் தினமும் உங்க வாசல் வரைக்கும் வந்தேன். ஆனா... அவன் ஏன் எழுந்து நின்னான்னு எனக்கு இன்னும் புரியலை, ஷெரிஃப்!"

விலங்கை மாட்டும்போது வெர்னன் கையை நீட்டிக்கொண்டே சொன்னார். "நாளையிலேருந்து யாரும் வர வேண்டாம்னு சொல்லிடு, வாண்டா."

எழுபது பேர்! வாண்டாவும் சேர்த்து! நின்ற இடத்திலேயே அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. பரவாயில்லை. தம்பி பிழைத்தான்.

மறுநாள் மத்தியானம் லைலை விட்டார்கள். சிறை வாசலில் வாண்டா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

கட்டை மாதிரி நின்றான்.

"யாரு உன்னைக் காப்பாத்தச் சொன்னது?"

"என்னடா பேசற?"

சட்டைக் கையை மேலே தள்ளினான். மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை. காயக்கட்டு இல்லை. ஆஸ்பத்திரிப் பட்டை! அவன் பேர் அச்சடித்திருந்தது.

"உள்ளே போன அன்னிக்கே டாக்டர் வந்து நெஞ்சுல குழாய் வெச்சுப் பார்த்தாரு. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. காப்பீடு இருக்கான்னு ஒருத்தர் கேக்கலைக்கா. கைதி செத்தா அவங்க தலைதான் உருளும். வியாழக்கிழமை வால்வு மாத்தறதா இருந்துது."

இன்று செவ்வாய்.

"வெளியே வந்துட்டேன்ல... இனி நான் அவங்க கைதி இல்லை. படுக்கையும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது."

 பின்னால் ஷெரிஃப் தொண்டையைச் செருமினார். அவள் சரேலென்று திரும்பி அவர் கையைப் பிடித்தாள். நேற்றுவரை விடச் சொல்லி அழுத அதே வாயால் கேட்டாள்.

"ஷெரிஃப்... பொய் சொல்லி உங்களை ஏமாத்தியிருக்கான்ல? அதுக்கு ஒரு கேஸ் போடுங்களேன். வியாழக்கிழமை வரைக்கும் உள்ளே வைங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

டாபின்ஸ் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"ஜட்ஜ்கிட்ட கேட்டுட்டேன், வாண்டா. இதய நோயாளியைச் சிறையில வெக்கிறது மனிதாபிமானம் இல்லைன்னுட்டார்."

 பனி உதிர்ந்துகொண்டிருந்தது. லைல் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். பிறகு தலையைத் தூக்கினான்.

"ஷெரிஃப்... ஜெயில்ல என் படுக்கையில இப்ப யாரு?"

"வெர்னன்."

"அவருக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. டாக்டர் பார்த்துட்டு, நூறு வயசு இருப்பாருன்னார்."

லைல் மணிக்கட்டிலிருந்த பட்டையைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"சே... ஒரு நல்ல படுக்கை வீணாப் போச்சு!"