பின்னால் வந்த மச்சான்

குரங்குகள் தின்பதை நிறுத்தியிருந்தன.

சங்கரபாண்டியனுக்கு முதலில் அது உறைக்கவில்லை. ஆடிச் சாரலின் மூட்டம் வெடிப்பலா மரத்தின் உச்சியில் பஞ்சுப் பொதியாய்ச் சிக்கிச் சிக்கி நழுவிக்கொண்டிருந்தது. கறுத்த முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி சிலிர்த்த அந்தச் சிங்கவால் குரங்குகளைப் பைனாகுலர் வழியாக ஒவ்வொன்றாகப் பார்த்து, மனசுக்குள்ளேயே கோடு இழுத்துக்கொண்டிருந்தான் அவன். முள்ளுத்தோல் பிய்கிற சத்தமும், தின்றுபோட்ட கொட்டைகள் சருகில் விழுகிற சத்தமும் எப்போதோ அடங்கிவிட்டதைப் பிறகுதான் உணர்ந்தான். கூட்டம் முழுக்க அசையாமல் உட்கார்ந்து ஒரே இடத்தைப் பார்த்தது. அவனை இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால்.

திரும்பினான். மச்சான் தங்கச்சாமிதான் நின்றார்.

"அதுக்குள்ள வந்துட்டீகளா? அணில் கூடு இருந்துச்சா?"

தங்கச்சாமி தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

சங்கரபாண்டியன் சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் லேபிளுக்குப் படம் போடுகிறவன். தீப்பெட்டியிலும் பட்டாசுக் கட்டிலும் ஒட்டுகிற கிளியும் மயிலும் புலியும் அவன் கையில் பிறந்தவை. அறுபத்தொன்றாம் வருஷச் சீசனுக்கு நாரணாபுரத்துக் கம்பெனி ஒன்று ராக்கெட் கட்டுக்குச் சிங்கவால் குரங்கு வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தது. அவன் வரைந்ததைப் பார்த்துவிட்டுத் தங்கச்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது என்ன மாப்ளே, தாடி வச்ச நாயா?"

தங்கச்சாமி அவன் மனைவி ராமுத்தாயின் அண்ணன். வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரி வெள்ளாமை. புஞ்சையில் வேலை இல்லாத நாளெல்லாம் மேற்கு மலைக்கு ஏறிவிடுவார். வேட்டைக்கு இல்லை, சும்மா பார்க்க. மிளாவையும் கேளையாட்டையும் கருமந்தியையும் பார்த்த கதையை ஆரம்பித்தார் என்றால் இலையில் சோறு ஆறிப்போகும். "வாங்க, அசல நான் காட்டுறேன்" என்று ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரம் வரை பஸ்ஸில் கூட்டிவந்து, அன்று காலை மலையேற்றியவர் அவர்தான்.

ஏறும்போது வாய் ஓயவில்லை. அட்டை கடித்த காலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, "ரத்தம் குடுக்காம இந்த மலைய யாரு பாத்தா?" என்று சிரித்தார். வெடிப்பலா மரத்தடிக்கு வந்ததும் பைனாகுலரை அவன் கழுத்தில் மாட்டிவிட்டு, மலையணில் கூடு மாதிரி ஏதோ தெரிகிறது என்று சரிவில் ஏறிப் புதருக்குள் போனார். ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இப்போது நிற்கிறார். பேசாமல்.

மரத்தின் மேல் சட்டென்று அலை அடித்தது. குரங்குகள் ஓடின. கத்தாமல், சீறாமல், கிளை விட்டுக் கிளை பாய்ந்து ஓடின. அந்த அவசரத்தில் ஒரு தாயின் வயிற்றைப் பற்றியிருந்த குட்டி பிடி நழுவிச் சருகில் விழுந்தது. தாய் தாழ்ந்த கிளைவரை இறங்கிவந்தது. குட்டியைப் பார்த்தது. தங்கச்சாமியைப் பார்த்தது. பிறகு குட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டது.

தங்கச்சாமி குனிந்து குட்டியை எடுத்தார். துண்டில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டார். அது கத்தவில்லை. கண்ணை மட்டும் அகல விரித்து வைத்திருந்தது.

"இங்கனயே வச்சிட்டுப் போவோம் மச்சான். தாய் தேடி வரும்."

"கீழ போவோம்" என்றார் அவர். "நீங்க முன்னால போங்க."

காலையில் அவனை ஒருதரம்கூட முன்னால் விடாதவர்.

ஒற்றையடித் தடத்தில் இறங்கினார்கள். இலைகளிலிருந்து சொட்டுகிற நீரும், பாசி படிந்த கல்லில் செருப்பு வழுக்குகிற கீச்சொலியும் தவிர வேறு சத்தமே இல்லை. காலையில் காதைத் துளைத்த சிள்வண்டுகள் அவர்கள் நெருங்க நெருங்க வாயடைத்துப்போய், அவர்கள் கடந்து வெகுநேரம் ஆனபிறகே தூரத்தில் மறுபடி தொடங்கின. பின்னாலிருந்து ஒரு வாடை வந்தது. கந்தகமும் பசையும் கலந்த காற்றிலேயே வளர்ந்தவன் அவன். ஆனாலும் அந்த வாடை மூக்கில் ஏறி உட்கார்ந்தது. தூர்வாராத கிணற்றுக்குள் எட்டிப்பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அது.

ஓடையோரம் ஒரு மிளா மான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. சங்கரபாண்டியனைப் பார்த்துக் காதை மட்டும் அசைத்தது. அவனுக்குப் பின்னால் பார்த்ததும் பாறைச் சரிவில் விழுந்து புரண்டு ஓடியது.

"மச்சான், காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா? பேச்சே காணோமே."

"வீட்ல யாரெல்லாம் இருக்காக?" என்றது பின்னாலிருந்து குரல்.

அவன் சிரித்துவிட்டான். "யாரு இருப்பாக? ஒங்க தங்கச்சிதான்."

"தங்கச்சி. பேரு?"

வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்தான். அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினான். "ராமுத்தாயி. போதுமா? பெறகு ரெண்டு பொட்டப்பிள்ளைக."

"எப்பிடிப் போகணும்?"

"எங்க, வீட்டுக்கா? நல்லா கேட்டீக போங்க. கீழ பஸ்ஸப் பிடிச்சா ராஜபாளையம், அங்கேருந்து சிவகாசி. விஸ்வநத்தத்துல எறங்கி, வேப்பமரத்துக்கு எதுத்த வீடு." சொல்லிக்கொண்டே போனவனுக்குத் தன் குரலே காதில் விழுந்தது. எதற்குச் சொல்கிறோம்? யாருக்குச் சொல்கிறோம்?

கால் ஒரு வேரில் தட்டிச் சுளுக்கியது. வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்தான். பின்னால் வந்த காலடியும் தாங்கித் தாங்கி வந்தது.

நின்று குனிந்தான். கணுக்காலில் அட்டைகள் கருந்திராட்சை போலத் திரண்டு தொங்கின. அவற்றைப் பிய்க்கிற சாக்கில் ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தான். மச்சானின் கால்கள். முழங்கால்வரை வெறும் கால்கள். அட்டை இல்லை. காலையில் பூசிய சுண்ணாம்பும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

பார்வை மேலே ஏறியது. துண்டு தோளில் தொங்கியது. காலியாக.

"குட்டி எங்க?"

"பசிச்சுச்சு."

"குட்டிக்கா?"

தங்கச்சாமியின் முகம் அவனையே பார்த்தது. புருவம், மூக்கு, மீசை எல்லாம் சரி. அவன் முகத்தில் எதையோ மனப்பாடம் செய்வதுபோல் கண்கள் மட்டும் மெதுவாக, மேலும் கீழும் நகர்ந்தன. அவன் படம் போடும்போது பார்ப்பது மாதிரி.

அப்போதுதான் மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து. மெலிந்து, கிழிந்து.

"மாப்ளே...! ஏ மாப்ளே...! கால எடுக்க முடியலயே...!"

மச்சானின் குரல்.

முன்னால் நின்ற வாய் மூடியிருந்தது.

ஓட வேண்டும். கீழேயா, மேலேயா? மேலே கூப்பிடுகிறவர் ராமுத்தாயின் அண்ணன் என்றால் விட்டுவிட்டுப் போய் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? மேலே போக ஒரே தடம். அதை அடைத்துக்கொண்டு அது நின்றது.

நடந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு. பாறையோடு முதுகை ஒட்டி. அதன் தோள் அவன் தோளில் உரசியது. ஈரம். சில்லென்று. அது தடுக்கவில்லை.

"ராமுத்தாயி" என்றது. காதோரம். மெதுவாக.

பிறகு கீழே இறங்கிப் போனது.

சுளுக்கிய காலோடு அவன் ஏறினான். விழுந்தான். தவழ்ந்தான். வெடிப்பலா மரத்துக்கு மேலே, புதருக்குப் பின்னால் சரிந்த பாறை ஒன்றுக்கு அடியில் இடது கால் சிக்கி, தங்கச்சாமி மல்லாந்து கிடந்தார். முகம் சாம்பல். காலெல்லாம் அட்டை. சங்கரபாண்டியன் கிட்டே போகாமல் நின்றான்.

"மூத்தவளுக்கு எங்க வச்சுக் காது குத்துனோம்? சொல்லுங்க!"

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒமக்கு?"

"சொல்லுங்க மச்சான்!"

"எம் மடியில வச்சுத்தானய்யா குத்துனோம்! தாய்மாமன் மடியில! கடிச்சு வச்சாளே கைய!"

அழுதுகொண்டே போய் அவரைக் கட்டிக்கொண்டான். கிளையை முட்டுக்கொடுத்துப் பாறையைப் புரட்டினான். எலும்பு முறிந்திருந்தது.

"எம்புட்டு நேரம் கத்துனேன்" என்று மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "பொதர் இடுக்குல பாத்தேன், யாரு கூடவோ எறங்கிப் போறீக. திரும்பிக்கூடப் பாக்கல. யாரு மாப்ளே அது?"

அவன் சொன்னான். கேட்டதையெல்லாம், தான் சொன்னதையெல்லாம். "வேப்பமரம்னும் சொல்லிட்டீகளா?" என்று மட்டும் கேட்டார் தங்கச்சாமி.

பாதி சுமந்தும் பாதி இழுத்தும் சரிவின் விளிம்புப் பாறைக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மூட்டம் விலகி, நேர் கீழே மலையடிவாரச் சாலை தெரிந்தது. புழுதி கிளப்பிக்கொண்டு கடைசி பஸ் வந்துகொண்டிருந்தது. சாலையோரத்தில் ஒரு வெள்ளை வேட்டி நின்றது. கையை நீட்டியது.

"நிறுத்தாதீக!" சங்கரபாண்டியன் கத்தினான். "ஏத்தாதீக! ஏய்!" குரல் பள்ளத்தில் விழுந்து கரைந்தது. பஸ் நின்றது.

பைனாகுலரைத் தூக்கினான். மூச்சிரைப்பில் கண்ணாடிக்குள் சாலையும் மரமும் ஆடின. மச்சான் அதைப் பிடுங்கித் தன் கண்ணில் வைத்தார்.

"தெரியுதா? அப்பிடியே ஒங்கள மாதிரியே இல்ல?"

தங்கச்சாமி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னய மாதிரி இல்ல, மாப்ளே."

"பெறகு?"

கண்ணாடியை அவர் இறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"நீங்க."

கீழே கண்டக்டர் கைகொடுத்தார். வலது காலைத் தாங்கித் தாங்கி அது படியேறியது. ஜன்னலோரத்துப் பெண் பக்கத்திலிருந்த பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டு, உட்கார இடம் விட்டாள். பஸ் கிழக்கே புறப்பட்டது.