பதினான்காம் எண் கணினி

பதினான்காம் எண் கணினிக்கு மின்கம்பியே கிடையாது. எட்டு மாதத்துக்கு முன்பு நலுமான்சி தன் கையாலேயே கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி அதன் தலைமேல் வைத்து, நாற்காலியையும் சேர்த்து ஒரு பூப்போட்ட துணியால் போர்த்திவிட்டாள். ஆனால் அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, மூலையில் இருந்த ப்ராக்ஸி இயந்திரத்தின் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. பதினான்காம் எண்ணிலிருந்து யாரோ ஒரு பக்கம் கேட்கிறார்கள். மறுக்கப்பட்டது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று தலைக்கு மேல் வேலை இருந்தது. மிட்யானா ஊரைத் தாண்டி மலைமேல் இருக்கும் அந்தப் பெண்கள் பள்ளிக்கு வந்து சேர்வது ஒரே ஒரு மெல்லிய இணைய இணைப்பு. இருபது கணினிகளும் ஒன்றாக வெளியே போனால் அது தாங்காது. ஆகவே எல்லாக் கணினிகளும் மூலையில் இருக்கும் அந்த ஒன்றிடம் சொல்லும். அது அவற்றின் சார்பில் வெளியே போய், கேட்டதை வாங்கிக்கொண்டு வந்து கொடுக்கும். அதன் பெயர்ப் பட்டியலில் இல்லாதவர் கேட்டால் மறுத்துவிடும். எந்த எண், யார் பெயர், எத்தனை மணிக்கு, என்ன கேட்டது, கொடுத்தோமா மறுத்தோமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும்.

விடுமுறையில் கணினி அறையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியதில் ப்ராக்ஸியின் முகவரி மாறிவிட்டது. இனி ஒவ்வொரு கணினி முன்னாலும் உட்கார்ந்து, அமைப்புகளைத் திறந்து, பழைய முகவரியை அழித்து, புதியதை அடித்து, போர்ட் எண்ணைச் சரிபார்த்து, சரி என்று அழுத்தி, மூடிவிட்டு மறுபடி திறந்து பார்க்க வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு மாணவிகளின் பெயரை நாளை மாலைக்குள் அரசுத் தேர்வுக்குப் பதிவு செய்தாக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குள் ஒன்பது முடித்திருந்தாள்.

வேலை முறை முழுவதும் செம்பட்யாவின் நோட்டுப்புத்தகத்தில் இருந்தது. நீல மையில், எண் போட்டு, ஒன்றுகூட அடித்தல் திருத்தல் இல்லாமல். இந்த அறையைக் கட்டி எழுப்பியவன் அவன். அவளுடைய கணவன். பதினான்காம் எண்ணில்தான் எப்போதும் உட்கார்வான். ப்ராக்ஸிக்கு ஒரு பாகம் பழுதாகி, அதை வாங்கத் தலைநகருக்குப் போனவன், திரும்பி வரும் வழியில் வண்டி கவிழ்ந்து உயிர்விட்டான். "சனிக்கிழமை போறேன்" என்றவனை, "இன்னைக்கே போங்க, தள்ளிப் போடாதீங்க" என்று அனுப்பி வைத்தது அவள்தான்.

இரண்டரைக்குக் கைப்பேசி அடித்தது. கொழுந்தன் லுப்வாமா.

"அண்ணி, அஞ்சு மணிக்கு வண்டியோட வர்றேன். தயாரா இருங்க. குலத்துப் பெரியவங்க எல்லாரும் இன்னைக்கு வர்றாங்க. சனிக்கிழமைக்குச் சடங்கை முடிச்சிடலாமான்னு உங்க வாயால ஒரு வார்த்தை கேக்கணும்."

"வேலை இருக்கு தம்பி. அடுத்த மாசம் பாக்கலாமே."

"ரெண்டு தடவை அடுத்த மாசம் சொல்லிட்டீங்க. சாவு இன்னும் வீட்டுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கு அண்ணி. அண்ணன் இடத்துல ஒருத்தரை நிறுத்தி, வாசல்ல மரப்பட்டைத் துணி கட்டிவிட்டாத்தான் அது எழுந்திரிச்சுப் போகும்."

"உங்க அண்ணன் இடத்துல வேற ஒருத்தர நிறுத்தி, அவரையே அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்றீங்க. எனக்கு வாய் வராது."

லுப்வாமா குரலைத் தாழ்த்தினான். "இடம் காலியா இருந்தா, போனவரே ஒரு இடம் தேடிக்குவாரு. நான் சொல்லல. எங்கப்பா சொல்வாரு."

அவள் கைப்பேசியை வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கெல்லாம் வானம் இருண்டு வந்தது. காவல்காரர் சாலோங்கோ வாசலில் வந்து நின்று குடையை உதறினார். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவர் என்பதால் ஊரே அவரை அந்தப் பட்டத்தால்தான் கூப்பிடும்.

"மழை வருது டீச்சரம்மா. கரண்டு போயிடும். பெட்டியெல்லாம் மூடிட்டுக் கெளம்புங்க."

"இன்னும் ஏழு இருக்கு சாலோங்கோ."

"ஏழும் எங்க ஓடிடப் போகுது? என் பொண்டாட்டி மத்தோக்கே வாழைக்காய் அவிச்சு, கடலைக் குழம்பு வெச்சு எனக்காகக் காத்திருப்பா. உங்களால நானும் பட்டினி."

"ரெட்டைப் பிள்ளைய வளக்கத் தெரிஞ்சவருக்கு ஒரு மணி நேரம் பசி தாங்கத் தெரியாதா?"

"அதுங்க தின்னது போக மிச்சந்தானே எனக்கு" என்று சிரித்துக்கொண்டே அவர் வாயில் பக்கம் நடந்தார்.

அவர் போன பின்புதான் மழை தகரக் கூரைமேல் இறங்கியது. முதலில் கைப்பிடிக் கல்லை எறிந்ததுபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிறகு ஒரேயடியாக, அவள் தன் மூச்சையே கேட்க முடியாத அளவுக்கு. சன்னலுக்கு வெளியே செம்மண் சரிவும் வாழைத்தோட்டமும் கரைந்து சாம்பல் நிறமாயின, ஈரமண் வாசமும் புதுச் சுண்ணாம்பு வாசமும் கலந்து அறைக்குள் வந்தன. அவள் பதினைந்தாம் எண்ணை முடித்து, சரியாக வருகிறதா என்று பார்க்க மூலைக்குப் போனாள்.

பதினைந்தாம் எண், அவள் பெயர், கொடுக்கப்பட்டது. சரி.

அதற்குக் கீழே: பதினான்காம் எண். மறுக்கப்பட்டது.

அதற்கும் கீழே, சரியாக ஒரு நிமிடம் கழித்து: பதினான்காம் எண். மறுக்கப்பட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில், சுவரோரமாக, பூப்போட்ட துணி அசையாமல் இருந்தது. சுருட்டிய கம்பி துணிக்குள்ளே கூம்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. திரைகள் வரிசையாக அணைந்தன. மூலையில் மட்டும், செம்பட்யா ப்ராக்ஸிக்கென்று வைத்திருந்த பேட்டரிப் பெட்டி 'பீப்' என்று கத்திக்கொண்டு அந்த ஒரு திரையைத் தாங்கிப் பிடித்தது.

அறையில் வேறெந்தக் கணினிக்கும் உயிர் இல்லை. வரி வந்தது. பதினான்காம் எண். மறுக்கப்பட்டது.

இந்த முறை அவள் பெயர்ப் பகுதியைப் படித்தாள்.

செம்பட்யா.

முக்காலியில் உட்கார்ந்தாள். கை முறையை மறக்கவில்லை. இதுவரை படித்தே பார்க்காத பழைய வரிகளை மேலே ஓட்டினாள். நேற்று. முந்தாநாள். போன மாதம். இரவு பகல் இல்லாமல், நிமிடத்துக்கு ஒன்று. மாணவிகளின் வரிகளுக்கு நடுவே, பள்ளி பூட்டிக் கிடந்த நாட்களில் தனியாக, பக்கம் பக்கமாக அந்தப் பெயர். கேட்டது ஒரே பக்கத்தைத்தான். வேறெங்கும் போகவில்லை. வெளியே போகக்கூட முயலவில்லை.

அது குறிப்புப் பக்கம். அவர்கள் இருவருக்கு மட்டும் அவன் அந்த இயந்திரத்திலேயே செய்து வைத்த சின்னப் பக்கம். அவள் தட்டச்சு சொல்லித்தரும் வகுப்பிலும் அவன் இங்கேயும் இருக்கும்போது, 'உப்பு தீர்ந்துவிட்டது', 'தலைமையாசிரியை கோபமாக இருக்கிறார், இந்தப் பக்கம் வராதே' என்று எழுதிக்கொள்வார்கள். எட்டு மாதமாக அவள் அதைத் திறக்கவில்லை.

ஓட்டி ஓட்டி முதல் மறுப்புக்கு வந்தாள். தேதியைப் பார்த்தாள். அடக்கம் செய்த மூன்றாம் நாள், காலை ஒன்பது நாற்பது.

அந்த நேரம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தலைமையாசிரியை சாவியையும் நோட்டுப்புத்தகத்தையும் அவள் கையில் கொடுத்த காலை. அழுதபடியே முதல் பக்கத்திலிருந்து படித்து, ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வந்தாள். ஏழாவது விதி: போனவர் பெயரைப் பட்டியலிலிருந்து அன்றே அழி. அவன் எழுதியது, அவன் சொன்னபடியே செய்ய வேண்டும் என்று, அவன் பெயரையே அழித்தாள்.

வந்து கதவைத் தட்டியிருக்கிறான். எட்டு மாதம். நிமிடத்துக்கு ஒரு முறை. உள்ளே இருந்துகொண்டே அவள் திறக்கவில்லை.

"ஐயோ, என் மகராசனே" என்று மழைக்குள் வாய்விட்டு அழுதாள்.

யோசிக்கவில்லை. பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். அவன் பெயரில் ஒருவரை நிறுத்தும் உரிமை குலத்துக்குத்தான், மனைவிக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். லுப்வாமா சொன்னதும் காதில் இருந்தது. இருந்தும் பத்து விரலாலும், பள்ளியிலேயே வேகமான அந்தக் கையால், செம்பட்யா என்று அடித்துச் சேமித்தாள்.

ஒரு நிமிடம் காத்திருந்தாள்.

பதினான்காம் எண். செம்பட்யா. குறிப்புப் பக்கம். கொடுக்கப்பட்டது.

அதன் பிறகு வரிகள் நின்றுவிட்டன.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குறிப்புப் பக்கத்தைத் திறந்தாள். கடைசியாக இருந்தது அவள் எழுதியது: 'இன்றே போய் வாங்கி வாருங்கள். சனிக்கிழமை வரை தள்ளாதீர்கள்.' அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பப் போனவள், அப்படியே நின்றாள். அதற்குக் கீழே ஒரு புது வரி எழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தாக. நடுவில் நிறுத்தி நிறுத்தி.

'வாங்கிவிட்டேன். வருகிறேன்.'

இதைச் சொல்லத்தான். இத்தனை நாளும் இதைச் சொல்லத்தான்.

அவள் விம்மிக்கொண்டே பதில் அடித்தாள். 'வாருங்கள்.'

மழை நின்றது.

திறந்திருந்த குழாயை யாரோ மூடியதுபோல் நின்றது. கூரை விளிம்பிலிருந்து சொட்டும் சத்தம். பேட்டரிப் பெட்டியின் 'பீப்'. எங்கோ கீழே ஒரு நாரை கத்தியது. பிறகு வறுத்த வேர்க்கடலை வாசம் வந்தது. செம்பட்யா காகிதக் கூம்பில் வாங்கி வந்து, கொறித்துக்கொண்டே வேலை செய்வான். தோலெல்லாம் விசைகளுக்கு நடுவே விழும், அவள் திட்டுவாள்.

டக்.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். அவனுக்குக் கடைசிவரை பத்து விரல் வரவில்லை. இரண்டு ஆள்காட்டி விரல்தான். "கோழி கொத்துற மாதிரி" என்று அவள் கேலி செய்வாள். "பத்து விரல் மகாராணி, நீங்க போங்க. கோழி மெதுவா வரும்" என்பான்.

டக். டக்.

துணிக்கு அடியிலிருந்துதான் வருகிறது என்று அவள் பதினான்காம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி அசையவில்லை.

டக்.

சத்தம் பக்கத்தில் கேட்டது. மிகப் பக்கத்தில்.

அவள் குனிந்து பார்த்தாள்.

அவள் கைகள். விசைப்பலகைமேல். எட்டு விரல்கள் மடங்கி உள்ளங்கைக்குள் கிடந்தன. இரண்டு மட்டும் நீண்டிருந்தன. விசைகளுக்கு நடுவே சிவப்பாக, மெல்லியதாக, கடலைத் தோல்.

விரிக்க நினைத்தாள். விரியவில்லை.

கத்த நினைத்தாள்.

கண்ணுக்கு முன்னால் பூக்கள் வந்தன. மஞ்சளும் நீலமுமாக, நெருக்கமாக, முகத்தோடு ஒட்டி. துணி. துணியின் இழைகளுக்கு நடுவே, தூரத்தில், அறையின் அந்தக் கோடியில், முக்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முதுகு மட்டும் தெரிந்தது. காலையில் தான் உடுத்திய அதே பச்சை உடை. கழுத்துக்குப் பின்னால் தான் போட்ட முடிச்சு.

அந்த உடம்பு நோட்டுப்புத்தகத்தைப் புரட்டியது. ஏழாவது விதியில் ஒரு விரல் வைத்தது. பெயர்ப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, நலுமான்சி என்ற பெயரில் நின்றது. அங்கே விரல் வெகுநேரம் தயங்கியது. தோள்கள் குலுங்கின. அழுதது. அவன் அழுவது அப்படித்தான், சத்தமே வராது.

வேண்டாம் என்றாள். நான் எங்கும் போகவில்லை. இங்கேதான் இருக்கிறேன்.

டக்.

வெளியே வண்டிச் சத்தம். கதவு திறந்தது. லுப்வாமா ஈரக் காலோடு வாசலில் நின்றான்.

"அண்ணி, போலாமா? பெரியவங்க வந்துட்டாங்க. என்ன சொல்லட்டும்?"

பச்சை உடை எழுந்தது. கைப்பையைத் தேடவில்லை. உடையிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டது.

"வேண்டாம்னு சொல்லிடு" என்றது, அவள் குரலில். "இனி எதுக்குடா சடங்கு?"

லுப்வாமாவின் கை கதவிலேயே நின்றுவிட்டது. அண்ணி ஒருநாளும் அவனை 'டா' போட்டதில்லை. அண்ணன்தான் போடுவான். அவன் அந்த முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டான்.

கதவு மூடியது. பூட்டு திரும்பியது. இரண்டு பேரின் காலடியும் ஈரச் சரிவில் இறங்கிப் போயின.

மூலையில் திரை மட்டும் எரிந்தது. ஒரு நிமிடம் ஆனதும் அதில் ஒரு வரி விழுந்தது.

பதினான்காம் எண். நலுமான்சி. குறிப்புப் பக்கம். மறுக்கப்பட்டது.

இன்னொரு நிமிடம் கழித்து, அதன் கீழே இன்னொன்று.