கசக்கும் கை

"பேய்க்கொம்மட்டிக்காய் கேட்டது ஆர்? புழுவெட்டுக்கோ?"

கடைக்கார குணவதி அன்ரியின் குரல் மீன்பெட்டி வரை போய்த் திரும்பியது. வெள்ளிக்கிழமை பின்னேரம். விமானத்தில் வந்த மரக்கறிக்காக டோர்செட் பார்க் பகுதியின் பாதித் தமிழ்ச் சனம் அங்கேதான் நின்றது.

நிலாணி அதை மெதுவாகத்தான் கேட்டிருந்தாள். அவள் கை தலையில் கட்டியிருந்த ஸ்காஃபுக்குப் போனது. அதற்குக் கீழே, உச்சிக்குச் சற்றுப் பின்னால், ஒரு மயிர்கூட இல்லாத வழுவழுத்த வட்டம்...

"எனக்குத்தான், அன்ரி."

பின்னால் நின்றவன் சொன்னான். சுருள் சுருளான அடர்த்தித் தலை. அதில் மழைத்துளிகள் இன்னும் உருளாமல் நின்றன.

"உனக்கோ? உந்தக் காட்டுக்கோ?"

"நாளைக்குக் கொட்டினா அப்ப ஆர் தாறது, அன்ரி?"

கடை சிரித்தது. அவனைப் பார்த்துத்தான் சிரித்தது.

பஸ் தரிப்பில் அவன் காய்ப் பையை நீட்டினான்.

"பிடியுங்கோ."

"உங்களிட்ட ஆர் கேட்டது?" அவள் பையைத் தொடவில்லை. "இது அம்மாட முழங்காலுக்கு."

"அப்ப முழங்காலுக்கே பூசுங்கோ."

சிரிக்காமல் சொன்னான். ஆனால் அந்தக் கண்கள்... ஈர இமைகளுக்குள் இருந்து அவளை மட்டுமே பார்த்த கண்கள்! பையைத் தரிப்பின் வாங்குப் பலகையில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தான்.

இரக்கப்படுகிறானா? வேண்டாம் என்றுதான் நினைத்தாள். பஸ் வந்தபோது பை அவள் மடியில் இருந்தது.

எலுமிச்சை அளவு, பச்சைக் கோடு போட்ட காய். வெட்டித் தேய்த்தால் தலை எரிந்தது. அதைவிடக் கொடுமை, கை கசந்தது. எத்தனை முறை சோப் போட்டாலும் போகாத கசப்பு. சோற்றைக் குழைத்து வாயில் வைத்தால் சோறும் கசந்தது.

"பொம்பிளை பாக்க வாறதுக்குள்ளை முளைச்சிடும். அதுவரைக்கும் வாய் திறக்காதை," என்றாள் அம்மா.

முளைக்கவில்லை. ஒரு வட்டம் இரண்டானது. குளிக்கும்போது உள்ளங்கையில் சுருண்டு வரும் மயிரைப் பார்த்து அவள் அழுவதையும் விட்டுவிட்டாள்.

வெள்ளிதோறும் அவன் வந்தான். காயைத் தன் பேரில் வாங்கினான், கடையின் பகிடியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டான், தரிப்பில் வைத்துவிட்டுப் போனான். பெயர் சசிகரன், ஊர் மட்டக்களப்பு.

"முழங்கால் எப்பிடி?"

"நடக்குது."

"அம்மாவும் நடக்கிறாவோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் பயம் வந்தது. வட்டத்தைக் கண்ணால் கண்டால் இவனும் போய்விடுவான்...

மிசிசாகாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அம்மா அவள் தலையை வாரி, வட்டங்களை மறைத்து, கொண்டை ஊசி குத்தி, கூட்டி வந்தாள். எல்லாம் பிடித்துப்போன முகத்தோடு மாப்பிள்ளையின் தாய் மல்லிகைச் சரத்தை எடுத்தார்.

"தலையைக் குனி, பிள்ளை."

பூ வைக்க வந்த விரல்கள் வட்டத்தின் மேல் நின்றன. சரம் தட்டத்துக்கே திரும்பியது. தேநீர் ஆறுமுன் கார் போய்விட்டது.

"நீ மற்றப் பக்கம் குனிஞ்சிருக்கலாம்," என்று அம்மா அழுதாள்.

இனி யாருக்காக? அப்படியிருந்தும் மறுநாளும், அதற்கு மறுநாளும் மிச்சக் காயைத் தேய்த்தாள். பழக்கம்போல் வெள்ளியன்று கடைக்கும் போனாள்.

"தம்பி, உன்ரை காய் வந்திருக்கு!"

"ஓம் அன்..." என்று சசிகரன் தொடங்கினான்.

"அவருக்கில்லை, அன்ரி." நிலாணி முன்னுக்கு வந்தாள். "எனக்கு. முதல் நாளிலையிருந்தே எனக்குத்தான்."

ஸ்காஃபை அவிழ்த்தாள். அன்ரி முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி, "என்ரை பிள்ளை..." என்றார். நிலாணி காயை எடுக்காமலே வெளியேறினாள்.

தரிப்பில் மழை. மொட்டை வட்டத்தில் துளி விழுந்தால் இவ்வளவு குளிருமா? சூடான கடலைவடைப் பொட்டலத்தோடு அவன் வந்து பக்கத்தில் நின்றான்.

"இனி நீங்கள் பொய் சொல்லத் தேவையில்லை," என்றாள். "எப்பிடித் தெரியும் உங்களுக்கு?"

"லோரன்ஸ் றோட்டு பஸ்ஸிலை உங்களுக்குப் பின் சீற்றிலைதான் இருப்பன். சித்திரையிலை ஒரு நாள் யன்னல் காத்துக்கு ஸ்காஃப் விலகினது. உங்கட முகத்தைப் பிறகுதான் கண்டனான்."

"அதைக் கண்டிட்டுமோ...?"

"கண்டிட்டுத்தான். என்ரை ஸ்டொப் உங்களுக்கு முதலே வரும். அந்த நாளிலையிருந்து நான் அதிலை இறங்கிறேல்லை."

அவள் விம்மினாள்.

"முளைக்காது, சசி. இன்னும் கொட்டும். எல்லாமே போயிடும்."

"போகலாம்."

"எனக்குப் பயமாயிருக்கு."

"எனக்கும்தான். ஆனா விருப்பம் அதைவிடக் கூடவாயிருக்கு... நான் என்ன செய்ய?"

பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"காலமையும் தேய்ச்சனான். கை கசக்கும்."

"அந்தக் கையாலையே தாங்கோ."

வடையைப் பிய்த்துக் கொடுத்தாள். மென்றான். முகம் சுருங்கியது; கண்ணில் நீர் முட்டியது.

"கசக்குதோ?"

"ஓம்," என்றான். "பொல்லாத கசப்பு."

விழுங்கிவிட்டு, மற்றப் பாதிக்கும் கையை நீட்டினான்.