ஓட்டை போடாத கேன்கள்

கொசு இல்லை. நாகவல்லிக்கு முதலில் உறைத்தது அதுதான்.

வெள்ளம் வடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் கறுப்புத் தண்ணீர் அப்படியே தேங்கிக் கிடக்கிறது. யார் வீட்டு மெத்தையோ அதில் ஊறி, உப்பி, ஒரு பக்கம் பாசி பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. இந்த மாதிரி சமயத்தில் பொழுது சாய்ந்தால் அண்ணனூரில் வாயைத் திறந்து பேச முடியாது, இரண்டு கொசு உள்ளே போய்விடும். முந்தாநாள்வரை அப்படித்தான் இருந்தது. இன்று வேலையிலிருந்து வந்து, கதவை விரியத் திறந்து போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றுகூடக் கடிக்கவில்லை. ரயில் ஷெட் பக்கம் வண்டி திரும்பும்போது இரும்பு கிறீச்சிடும் சத்தமும், ஓட்டிலிருந்து சொட்டும் மழைத்தண்ணீரும், கட்டிலில் மகள் சுவேதா மூச்சு விடுவதும் தனித்தனியாகக் கேட்டன. நடுவில் எந்த ரீங்காரமும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. வீட்டில் பூண்டு வாடை. யாரோ உரலில் பூண்டை நசுக்கி மூடாமல் வைத்துவிட்ட மாதிரி, லேசாக, மூக்கின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொள்கிற வாடை. காலையில் வைத்தது ரசம்கூட இல்லை, வெறும் கஞ்சி.

"பத்தியத்துக்கு இப்பவே பூண்டு உரிச்சிக்கினு கீறியா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பூங்காவனம் நேற்றே கிண்டல் செய்திருந்தாள். பூங்காவனம் பக்கத்து வீட்டுக்காரி. சுவேதாவுக்கு எட்டாம் மாதம். காட்டுப்பாக்கத்தில் மருமகன் வீட்டில் வெள்ளமும் இல்லை, ஒன்றும் இல்லை, அங்கேயே இருந்திருக்கலாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஒற்றைக்காலில் நின்று கூட்டி வந்தது நாகவல்லி.

"யம்மா, லைட்டப் போடேன்" என்றாள் சுவேதா.

நாகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு, அதற்குமேல் ஆணியில் தொங்குகிற சுவேதாவின் சீமந்த வளையல்கள், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"இன்னாடி சொல்ற? எரிஞ்சினுதானே கீது."

"அப்ப லோ வோல்டேஜ். மங்கலா கீது."

தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டாள். மனித மனம் எவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிறது!

அவளுக்கு இந்த வாரம் முழுக்க விடிவதற்கு முன் போய் விளக்கு வைத்தபின் திரும்பும் வேலை. கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் சாப்பாடும் தண்ணீரும் அங்கேயேதான். வெள்ளத்துக்குப் பிறகு தெருத் தெருவாக மைக் கட்டிச் சொல்லியிருந்தார்கள்: பெயின்ட் டப்பா, பூச்சி மருந்து, ஆசிட் பாட்டில், பேட்டரி, காலாவதியான மாத்திரை எதையும் குப்பையோடு போடாதீர்கள், தனியாக எடுத்து வையுங்கள், தனி வண்டி வரும். வண்டி வந்தது. வண்டிக்குப் பின்னால் நடந்து அத்தனையையும் கையில் அள்ளியது நாகவல்லியும் அவளைப் போன்ற நாலு பெண்களும். முதல் நாள் கையுறையும் முகமூடியும் மாட்டிவிட்டுப் படம் பிடித்தார்கள். படம் பிடித்து முடிந்ததும் அடுத்த வார்டிலும் படம் பிடிக்க வேண்டும் என்று கழற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு பழைய வீட்டுக் கொட்டகை. ஒரு காலத்தில் ஏக்கர் கணக்கில் நெல் போட்ட குடும்பம். நிலம் பிளாட் ஆகிவிட்டது, பயிருக்கு அடித்த மருந்து மட்டும் மிஞ்சியிருந்தது. நல்ல கனமான நீலக் கேன்கள். ஒட்டியிருந்த காகிதம் எல்லாம் வெள்ளத்தில் கரைந்திருந்தது. அடியில் இருந்த மிச்சத்தை ஒரே டிரம்மில் கவிழ்க்கச் சொன்னான் ஒப்பந்தக் கம்பெனி சூப்பர்வைசர் ஹேமநாதன்.

"காலி கேனை எல்லாம் கடப்பாறையால குத்தி ஓட்டை போட்டுடு. ஒண்ணுகூட முழுசா இருக்கக் கூடாது. புரியுதா?"

ஏன் என்று அவன் சொல்லவில்லை. அவன் எதற்குத்தான் காரணம் சொல்லியிருக்கிறான்? போன வெள்ளத்தின்போது மிஞ்சிய புதுப் பாய்களைத் துப்புரவு ஆட்கள் எடுத்துப் போய்விடுவார்கள் என்று பிளேடால் கிழித்துப் போட்டது இதே கம்பெனி. நல்ல செருப்பு ஜோடி கிடைத்தால் ஒன்றை மட்டும் வெட்டி வீசுவான் ஹேமநாதன். இதுவும் அந்த வயிற்றெரிச்சல்தான் என்று நாகவல்லி நினைத்தாள். அவள் தெருவில் ஒரு வீட்டிலும் குடம் கிடையாது, எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. லாரித் தண்ணீரைப் பிடிக்கப் பாத்திரம் இல்லாமல் ஜனங்கள் அல்லாடுகிறார்கள். இங்கே முழுசாக இருக்கிற கேனைக் குத்திக் கிழிக்க வேண்டுமாம். கடப்பாறையை எடுத்தாள். ஒரு நிமிடம் நின்றாள். பிறகு ஹேமநாதன் போகும்வரை காத்திருந்து, கேன்களைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

கழுவாமல் கொடுக்கவில்லை. புளி போட்டு, சோப்புத்தூள் போட்டு, வெந்நீர் ஊற்றி, கைத்தோல் உரிய உரியக் கழுவினாள். வீட்டுக்கொன்று கொடுத்தாள். அதுவரை "குப்பக்காரம்மா" என்று கூப்பிட்ட தெரு அன்றைக்கு "நாகவல்லி அக்கா" என்று கூப்பிட்டது. பூங்காவனம் உள்ளே வரச்சொல்லி நாற்காலியில் உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். அன்று இரவு நாகவல்லி பூரித்துப் போய்த் தூங்கினாள்.

"யம்மா, வாயில எச்சி ஊறிக்கினே கீது" என்றாள் சுவேதா. கட்டிலுக்கடியில் ஒரு கிண்ணம் இருந்தது. பாதி நிறைந்திருந்தது.

"மாசமா இருந்தா அப்படித்தான்டி."

ஆனால் கிட்டே போய் நெற்றியைத் தொட்டபோது கை வழுக்கியது. வியர்வை. மழைக் குளிரில் நைட்டி முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. கன்னத்தில் தோலுக்கடியில் ஏதோ துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது, ஒரு புழு நெளிகிற மாதிரி. நாகவல்லி கையை எடுத்துக்கொண்டாள்.

"எத்தினி நாளா இப்படி?"

"ரெண்டு நாளா. இன்னிக்குத்தான் ஜாஸ்தி. லைட்டப் போடுமான்னா."

அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். நேராக, பல்பையே பார்த்துக்கொண்டு. கண் கூசவில்லை. நாகவல்லி குனிந்து அந்தக் கண்களைப் பார்த்தாள். கருவிழிக்கு நடுவில் இருக்க வேண்டிய கறுப்பு இல்லை. ஊசியால் குத்திய அளவுக்கு ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பூங்காவனத்தின் குரல் வந்தது. "யக்கா, உங்க ஊட்லயும் லோ வோல்டேஜா? எங்க நிவேதிதாவுக்கு புக்குல எழுத்தே தெரியலையாம்."

நாகவல்லி நிமிர்ந்தாள். பூண்டு வாடை எங்கிருந்து வருகிறது என்று இப்போதுதான் முகர்ந்து பார்த்தாள். அடுப்படியிலிருந்து இல்லை. மூலையிலிருந்து. தண்ணீர் வைத்திருக்கும் மூலையிலிருந்து.

நீலக் கேன் அங்கே நின்றது. இரண்டு நாளாக லாரி வரவில்லை, அதே தண்ணீர். கேனைச் சுற்றித் தரையில் கறுப்பாக ஏதோ சிந்தியிருந்தது. குனிந்தாள். எறும்பு. எல்லாம் செத்த எறும்பு. அவற்றுக்கு நடுவே ஒரு பல்லி, வயிறு மேலே. அதைச் சுற்றிக் கொசு. உதிர்ந்த மிளகுத்தூளைப் போல, அத்தனை கொசு.

மூடியைத் திறந்தாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. சொம்பில் கொஞ்சம் சாய்த்தாள். தெளிவு. இன்னும் சாய்த்தாள்.

கேனின் கைப்பிடி உள்ளே பொந்து. அன்றைக்கு அவள் கழுவினாள், குலுக்கினாள், கவிழ்த்தாள். அந்தப் பொந்துக்குள் கை போகவில்லை, நார் போகவில்லை. இப்போது கேன் முழுதாகச் சாய்ந்ததும் அதற்குள்ளிருந்து ஒரு இழை இறங்கியது. வெள்ளையாக. மெதுவாக. தண்ணீரில் பட்டதும் விரிந்தது. பால் மாதிரி.

சொம்பு கையிலிருந்து விழுந்தது.

குத்திப் போடச் சொன்னது இதற்காகத்தான். பாவி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை.

ஃபோனை எடுத்தாள். ஹேமநாதனுக்குப் போட்டாள். அவன் எடுத்தான், கேட்டான்.

"குத்தச் சொன்னேனா இல்லியா? உன்ன யாரு எடுத்துக்கினு போகச் சொன்னது? கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கேனுன்னு வாயத் தொறந்த, உள்ள போறது நீதான்."

வைத்துவிட்டான். ஆம்புலன்ஸுக்குப் போட்டாள். வருகிறோம் என்றார்கள், சுரங்கப்பாதை மூழ்கிக் கிடக்கிறது, சுற்றித்தான் வரவேண்டும், நேரமாகும் என்றார்கள். ஆட்டோ கிடைத்தால் மெயின் ரோடுவரை கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள்.

ஆட்டோ. எதிர்வீட்டு ஜெகன்.

வெளியே ஓடினாள். நெஞ்சுக்குள் ஒரு கேவலமான குரல் சொன்னது: கேன் என்று சொல்லாதே, முதலில் உன் பிள்ளையைக் காப்பாற்று, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் குரலுக்கு அவள் கட்டுப்பட்டாள்.

"ஜெகனு! சுவேதாவுக்கு வலி எடுத்துருச்சு. வண்டிய எடுப்பா!"

ஜெகன் ஆட்டோவுக்கு முன்னால் குந்தியிருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முகப்பு விளக்கை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தான்.

"எடுக்கலாம்க்கா. லைட்டு புட்டுக்கிச்சு. இது இல்லாம எப்படிப் போறது?"

விளக்கு எரிந்தது. அவன் மூக்குக்கு ஒரு சாண் முன்னால், முழு வெளிச்சத்தோடு எரிந்தது. தாடையிலிருந்து எச்சில் ஒழுகி வெளிச்சத்தில் பளபளத்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. தட்டினான். மறுபடி தட்டினான்.

நாகவல்லி பின்வாங்கினாள்.

தெருவில் ஆட்கள் இருந்தார்கள். எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. கதவு கதவாகத் திறந்து, சுவரைத் தடவிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கம்பத்தடியில் கூடியிருந்தார்கள். கம்பத்தில் புதிதாகப் போட்ட தெருவிளக்கு. வெள்ளை வெளிச்சம். கீழே கிடக்கிற ஒவ்வொரு கல்லும் தெரிந்தது.

"கம்ப்ளெயின்ட் குடுத்தாச்சா?"

"லைன்மேன் ஃபோனே எடுக்கலியே."

"தெருவே இருட்டாக் கீது."

பூங்காவனம் இருந்தாள். அவள் இடுப்பில் நிவேதிதா. குழந்தையின் கையில் தம்ளர். தம்ளரில் தண்ணீர்.

"குடிக்காதீங்க!" நாகவல்லி கத்தினாள். "அந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க! மருந்து! கேன்ல மருந்து! நான்தான்... நான்தான் குடுத்தேன்..."

குரல் வந்த திசைக்கு எல்லா முகங்களும் திரும்பின. ஒரே நேரத்தில். ஆனால் யாருடைய பார்வையும் அவள்மேல் விழவில்லை. அவளுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தலைக்குமேல். ஈரத் தாடைகள். துடிக்கிற கன்னங்கள்.

"யாரு, நாகவல்லி அக்காவா?" என்றாள் பூங்காவனம், அன்பாக. "நல்லதாப் போச்சு. உனுக்கு ஆபீஸ்ல ஆள் தெரியுமே. கரண்டு எப்ப வரும்னு கேளுக்கா."

நாகவல்லி பாய்ந்துபோய்த் தம்ளரைத் தட்டிவிட்டாள். அது கல்லில் உருண்டது. காலி. ஏற்கெனவே காலி.

பின்னால் சுவரை உரசுகிற சத்தம். வளையல் இல்லாத கை சுவரைத் தடவித் தடவி வருகிற சத்தம்.

சுவேதா வாசற்படி இறங்கிவிட்டாள். ஒரு கை வயிற்றில். ஒரு கை முன்னால் நீண்டு காற்றைத் துழாவியது. அந்தக் கைக்கு எதிரில்தான் நாகவல்லி நின்றாள். விரல் அவள் முகத்துக்கு அருகே வந்து, தாண்டி, வெறுமையைப் பிடித்தது.

"யம்மா? எங்க கீற?"

"இங்கதான்டி. இங்கதான் கீறேன். கண்ணு, உக்காரு, ஆம்புலன்ஸு வருது..."

"கொழந்த சாயங்காலத்துல இருந்து அசையவே இல்லமா." சுவேதாவின் குரலில் பயம் இல்லை. தூக்கம்தான் இருந்தது. "இருட்டுல அதுவும் தூங்குது போல. கரண்டு வரட்டும். வந்ததும் போலாம்."

அவள் அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள். அவளோடு சேர்ந்து தெரு முழுவதும் பார்த்தது. தூறல் அவர்களுடைய திறந்த கண்களில் விழுந்தது. யாரும் இமைக்கவில்லை. அத்தனை முகங்களின் மேலும் விளக்கு முழுதாக எரிந்துகொண்டிருந்தது.